முதலில் நேரம், அப்புறம்தான் அலமாரி

பள்ளியில் நூலக ஊடக மையம் அமைக்கப் போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையோடு அறையின் வரைபடத்தைக் கொண்டுவருவார்கள். எத்தனை அலமாரி போடலாம், கணினியை எந்தச் சுவரோரம் வைக்கலாம், முதல் தவணையில் எவ்வளவு புத்தகம் வாங்கலாம் என்று வரிசையாகக் கேட்பார்கள். நான் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளியின் கால அட்டவணையைக் கேட்பேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஒரு சந்தேகம் வந்தால், அன்றைக்கே அதை நூலகத்துக்கு எடுத்துவர முடியுமா? பல பள்ளிகளில் முடியாது. அடுத்த வாரம் நூலக வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சந்தேகம் ஆறிப்போய்விடும்.

பள்ளி நூலகராகவே வேலை பார்த்து வருகிறவள் நான். நல்ல கட்டடத்தில் தூங்கிக் கிடக்கும் நூலகங்களையும் பார்த்திருக்கிறேன், வராந்தாவைத் தடுத்துப் போட்ட இடத்தில் பிள்ளைகள் மொய்க்கும் நூலகங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் பணம் இல்லை. எப்போது திறந்திருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை என்ற ஏற்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். வந்து உட்காரவும் திரும்பிப் போகவும் பத்து நிமிடம் போய்விடும். மீதி முப்பது நிமிடத்தில் பழைய புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் புதியதைப் பதிந்து கொடுக்க ஒரு பிள்ளைக்கு முக்கால் நிமிடம் கிடைக்கிறது. இதில் தேடுவது எப்போது, புரட்டிப் பார்ப்பது எப்போது, "இது நல்லா இல்ல மிஸ், வேற குடுங்க" என்று சொல்வது எப்போது? நூலகரும் அந்த நேரம் முழுக்க மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார்.

அதற்காக வார வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சின்ன வகுப்புகளுக்கு அது வேண்டும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், அதே பாயில் உட்கார்ந்து கதை கேட்கும் பழக்கம் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரிய பலம். ஆனால் வயது கூடக் கூட அட்டவணை இளக வேண்டும். பெரிய வகுப்புகளுக்கு ஆசிரியரும் நூலகரும் பேசி வைத்துக்கொண்டு, பாடத்தில் தேவை வரும்போது இரண்டு மூன்று வேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். தேவை இல்லாத வாரத்தில் விட்டுவிட வேண்டும். நூலகரின் வாரத்தில் குறைந்தது பாதி வேளைகளாவது எந்த வகுப்புக்கும் ஒதுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பிலிருந்து ஒரு சீட்டோடு இரண்டு பிள்ளைகள் வந்து, பத்து நிமிடம் தேடிவிட்டுத் திரும்பிப் போக அந்த வேளைகள்தான் இடம் கொடுக்கும்.

தலைமையாசிரியரிடம் இதைப் பேசும்போது ஒன்றைப் புரிந்துகொண்டு பேச வேண்டும். பல பள்ளிகளில் நூலக வகுப்பு என்பது வகுப்பு ஆசிரியருக்குக் கிடைக்கும் ஓய்வு வேளை. அதை எடுத்துவிட்டால் அட்டவணையே குலையும். ஆகவே மாற்று ஏற்பாட்டோடுதான் போக வேண்டும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாமல், ஒரே ஒரு வகுப்பை மட்டும் ஒரு பருவத்துக்குத் திறந்த முறைக்கு மாற்றிக் காட்டினால், அடுத்த ஆண்டு மற்ற ஆசிரியர்களே கேட்டு வருவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் கவனிக்காதது. பிள்ளைகளின் மதிய இடைவேளையும் நூலகரின் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருந்தால், பிள்ளைகள் தாங்களாக வரக்கூடிய ஒரே நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். நூலகரின் சாப்பாட்டை அரை மணி தள்ளி வையுங்கள். செலவில்லாத மாற்றம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே நூலகத்தை மூடுவது, இருப்புச் சரிபார்ப்பு என்று பருவக் கடைசி முழுவதும் இரவல் நிறுத்துவது, இவற்றையும் விட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் அலமாரி அலமாரியாக எண்ணிக்கொண்டே மறுபக்கம் புத்தகம் கொடுக்க முடியும்.

நூலகத்தை 'ஊடக மையம்' என்று அழைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1969இல் அங்குள்ள பள்ளி நூலகர்கள் சங்கமும், கல்விச் சங்கத்தின் ஒலி-ஒளிப் பிரிவும் சேர்ந்து ஒரு தரவிதியை வெளியிட்டார்கள். அதுவரை புத்தகம் ஒரு அறையில், திரைப்படச் சுருளும் புரொஜெக்டரும் வேறொரு அறையில், வேறொருவர் பொறுப்பில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள், ஒரே குழுவின் கையில் கொண்டுவர வேண்டும் என்றது அந்த விதி. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1963இல், நாப் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஆள், புத்தகம், கருவி எல்லாம் குறைவில்லாமல் கொடுத்து, வெளியூர் ஆசிரியர்கள் வந்து பார்த்துப் போகும்படி மாதிரி நூலகங்களாக நடத்தினார்கள். எனக்கு அந்த இரண்டாவது பகுதி மிகவும் பிடிக்கும். நல்ல பள்ளி நூலகம் எப்படி இயங்கும் என்பதை அறிக்கை எழுதிப் புரியவைக்க முடியாது. ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீங்களும் திட்டம் போடுவதற்கு முன்னால், நன்றாக இயங்குகிற ஒரு நூலகத்தில் காலையிலிருந்து கதவடைக்கும்வரை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தலைமையாசிரியரையும் அழைத்துப் போங்கள்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். கீத் கரி லான்ஸும் உடன் ஆய்வாளர்களும் கொலராடோ மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து 1993இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நூலகத்தில் பணியாளரும் புத்தகங்களும் கூடுதலாக உள்ள பள்ளிகளில் மாணவர்களின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணும் கூடுதலாக இருந்தது. பெற்றோரின் வருமானம், படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. பிறகு வேறு பல மாநிலங்களிலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்து, ஒத்த முடிவுகள் வந்தன. இவை தொடர்பைக் காட்டுகிற ஆய்வுகள்; நூலகர்தான் மதிப்பெண்ணை உயர்த்தினார் என்று அடித்துச் சொல்ல இவை போதாது. நிதி கேட்டு எழுதும்போது இந்த எல்லையை மீறாமல் எழுதுவது நமக்கு மரியாதை. அப்படியிருந்தும் நான் இதை எல்லாக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்கிறேன். புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, ஆளே போடாமல், கணக்கு ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்து 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விடுகிற வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அந்த ஆசிரியர் பாவம், அவருக்கு இருபத்தெட்டு வகுப்பு. தொலைந்தால் தன் தலையில் விழுமே என்று பயந்து அலமாரியைப் பூட்டித்தான் வைப்பார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? தொலைந்த புத்தகத்துக்கு அவரைப் பொறுப்பாக்கிய விதியை மாற்ற வேண்டும். பிள்ளைகள் கையில் புழங்குகிற புத்தகம் கொஞ்சம் தொலையத்தான் செய்யும். அதை ஆண்டுச் செலவில் ஒரு பங்காக முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம்.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. புத்தகம் மிகக் கனமான பொருள். நூலக அலமாரிகள் நெருக்கமாக நிற்கும் தளத்துக்கு ஒரு சதுர அடிக்கு 150 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 730 கிலோ தாங்கும் வலு வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. சாதாரண வகுப்பறைத் தளத்துக்கு இதில் பாதி கூடத் தேவைப்படாது. எனவே மாடியில் காலியாக இருக்கிற வகுப்பறையை நூலகமாக்கும் முன் பொறியாளரைக் கேட்டாக வேண்டும். கீழ்த்தளம் கிடைத்தால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அது நல்லது. அலமாரிகளுக்கு இடையே அந்த நாற்காலி போக மூன்றடி என்பது குறைந்தபட்சம். மூன்றரை அடி விட்டால் திரும்பவும் வசதி. அறையின் நடுவில் உயரமான அலமாரி வேண்டவே வேண்டாம். உயரமானவை சுவரோரம் நிற்கட்டும், சுவரோடு பிணைத்திருக்கட்டும். நடுவில் இருப்பவை இடுப்பளவு போதும். நூலகர் நின்ற இடத்திலிருந்தே அறை முழுக்கக் கண்ணில் படும், காற்றும் வெளிச்சமும் தடைபடாது, சின்னப் பிள்ளைக்கும் மேல்தட்டு எட்டும். நேர் வெயில் விழுகிற சுவரில் புத்தகம் வைத்தால் முதுகெழுத்து வெளுத்துவிடும். ஈரம் இறங்குகிற சுவரில் வைத்தால் பூஞ்சையும் பூச்சியும் பிடிக்கும். சத்தமாகப் பேசிச் செய்யும் குழு வேலைக்கு ஒரு ஓரமும், தனியாக உட்கார்ந்து படிக்க அதற்கு எதிர் ஓரமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அலமாரி நிற்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, புத்தகங்களை எங்கே வைப்பது என்பது. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறை, இன்றும் உலகெங்கும் பல பள்ளி நூலகங்களில் இருக்கிறது. அதை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விண்வெளி பற்றிப் புத்தகம் வேண்டும் என்று வருகிறான். கோள்களும் நட்சத்திரங்களும் 523இல் இருக்கின்றன. ராக்கெட்டும் விண்வெளி வீரர்களும் 629.4இல். அவன் மனதில் இரண்டும் ஒன்றுதான். பகுப்பில் ஒன்று இயற்கை அறிவியல், இன்னொன்று பொறியியல், நடுவே டைனோசரும் (567.9) மரமும் மனித உடலும் பல தட்டுகள் நிற்கின்றன. நாய்க்குட்டி வளர்ப்பது 636.7இல். ஓநாயைத் தேடினால் முப்பது எண்ணுக்கும் மேல் பின்னால், விலங்கியலுக்குள் போக வேண்டும். படக்கதைகள் 741.5இல், ஓவியக்கலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நாட்டுப்புறக் கதைகள் 398.2, சமூக அறிவியலுக்குள். கதை கேட்டு வருகிற குழந்தை அங்கே போக ஒரு காரணமும் இல்லை.

இதற்காகப் பகுப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொருள்வாரியாக வண்ணப் பெட்டிகளில் அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பகுதியில் நானும் அப்படித்தான் செய்கிறேன். பெரியவர்கள் பகுதியில் எண் அப்படியே இருக்கட்டும் என்பேன். நாளைக்கு அவர்கள் போகப்போகிற பெரிய நூலகங்களிலும் ஏதோ ஒரு எண்முறை இருக்கும், பழகிக்கொள்வது நல்லது. ஆனால் பிள்ளைக்கு உதவியாக அலமாரியிலேயே குறிப்புகள் வைக்க வேண்டும். 523 முடிகிற இடத்தில் ஒரு மரப்பலகை நிற்கும், 'ராக்கெட் தேடுகிறாயா? 629.4க்குப் போ' என்று. ஓநாய்க்கும் நாய்க்கும் அதே மாதிரி. அப்புறம் டைனோசர், நாட்டுப்புறக் கதை, படக்கதை, விளையாட்டு (796) நான்கையும் வரிசையிலிருந்து எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துவிடுவேன். அதிகம் கேட்கப்படுவது எதுவோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இடைவேளையில் ஏழு நிமிடம் கிடைத்து ஓடிவருகிற பிள்ளைக்கு அந்த விதியை விடப் பெரிய உபகாரம் கிடையாது.

புத்தகத்தின் முதுகு தெரிய அடுக்குவதை விட, முகப்பு தெரிய நிறுத்துவது அதிகம் இரவல் போகும். இடம் பிடிக்கும், உண்மைதான். அதனால்தான் கழிக்க வேண்டியதைக் கழிக்க வேண்டும் என்கிறேன்.

கழிப்பது என்றதும் பலருக்கு நெஞ்சு பதைக்கும். புத்தகத்தை எப்படித் தூக்கிப் போடுவது? அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு தட்டை எடுத்துப் பாருங்கள். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகம் எத்தனை நூலகங்களில் இன்னும் நிற்கிறது! சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது 2006இல். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. அது அந்தப் புத்தகத்தை நம்பி வீட்டுப்பாடம் எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். பிள்ளை நூலகத்தை நம்புவதை விட்டுவிடும். டெக்சாஸில் 1976இல் உருவான கழிக்கும் முறை ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. தவறான தகவல் தருகிறதா, கிழிந்து அழுக்கேறிவிட்டதா, அதைவிட நல்ல பதிப்பு வந்துவிட்டதா, இந்தப் பள்ளியில் யாருக்காவது பயன்படுமா, வேறெங்காவது எளிதில் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு புத்தகத்தையும் கேட்கச் சொல்கிறது. அறிவியல், மருத்துவம், கணினி மூன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கறாராகப் பார்க்க வேண்டும். இலக்கியத்துக்கும் உள்ளூர் வரலாற்றுக்கும் அந்தக் கறார் வேண்டாம். பள்ளியின் பழைய ஆண்டு மலரைக் கழிக்கவே கூடாது. வேறெங்கும் கிடைக்காதது அது.

ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வெளியேற்றாதீர்கள். யாராவது பார்த்து, புத்தகத்தைக் குப்பையில் போடுகிறார்கள் என்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு தட்டு போதும். எந்தப் புத்தகம், எந்தக் காரணம், யார் ஒப்புதல் என்று பதிவேட்டில் எழுதி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு ஒரு கேள்வியும் வராது. கூடவே, நன்கொடையாக வரும் புத்தகங்களுக்கும் இதே அளவுகோல் வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய தேர்வுக் கையேடுகளைப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போவார்கள். 'பொருந்துவதை எடுத்துக்கொள்வோம், மற்றதை வேறு இடத்துக்கு அனுப்புவோம்' என்று எழுதிய ஒரு தாளை முதலிலேயே நீட்டிவிட்டால் மனவருத்தம் இருக்காது.

தண்டத்தொகையை எடுத்துவிடுங்கள். நாள் தவறினால் காசு என்ற விதி காசு உள்ள வீட்டுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. இல்லாத வீட்டுப் பிள்ளை மட்டும் நூலகப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடும். புத்தகமும் திரும்பாது, பிள்ளையும் திரும்பாது. அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் இத்தகைய தண்டத்தொகை சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்றே தீர்மானம் போட்டது. பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தால் புதியது என்ற ஒரு விதி போதும். தொலைந்துபோனது என்றால், நூலகத்தில் ஒட்டுகிற வேலை, அடுக்குகிற வேலை கொஞ்சம் செய்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும். அதையும் தண்டனையாக அறிவிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொன்னால், அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு உங்கள் உதவியாளர்களாகவே மாறிவிடுவார்கள். தொலைத்த புத்தகத்தைப் பற்றிப் பேச வந்து, அலமாரி ஒழுங்கை என்னை விட நன்றாகக் கற்றுக்கொண்டு போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதே போல, வாசிப்பு நிலைக்கு ஏற்பப் புத்தக முதுகில் வண்ணப் புள்ளி ஒட்டி, 'நீ பச்சை மட்டும்தான் எடுக்கலாம்' என்கிற வழக்கம் எனக்குச் சம்மதமே இல்லை. அந்தப் பிள்ளை எந்த நிறம் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் மெதுவாகப் படிக்கிற ஒருவன் குழந்தைகள் நிறத்தைக் கையில் எடுக்க வெட்கப்பட்டு, எதையுமே எடுக்காமல் போவான். கடினமான புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டுமே. டைனோசர் மேல் ஆசை வைத்த பிள்ளை, தன் வகுப்புக்கு மீறிய நீண்ட பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்து வாயில் வைத்திருக்கும். ஆசை இருக்கிற இடத்தில் நிலை என்பதற்கு அவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. யார் எதை எடுத்தார்கள் என்பதையும் நூலகர் வெளியில் சொல்லக் கூடாது. உடல் மாற்றம் பற்றி, துக்கம் பற்றி, வீட்டுச் சண்டை பற்றிப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை வேண்டும்.

சரி, 'மையம்' என்று பெயர் வைத்தாயிற்றே, கருவிகள்? இருக்கட்டும். ஆனால் முதலில் கருவிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எங்கார்டா கலைக்களஞ்சியம் 1993இல் வந்தது, 2009இல் நின்றது. ஒரு காலத்தில் குறுவட்டு வைக்கும் தட்டுகளுக்காகவே மரவேலை செய்த நூலகங்கள் உண்டு. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமும் 2010 பதிப்போடு அச்சை விட்டுவிட்டது. 2012இல் அதை அறிவித்தார்கள். எந்தக் கருவியை வாங்கினாலும், ஐந்து ஆண்டில் அதை மாற்றவும் இடையில் பழுது பார்க்கவும் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். நகர்த்தக்கூடிய மேசை, போதுமான மின்இணைப்பு, நல்ல இணையம் மூன்றும் இருந்தால் எந்தக் கருவி வந்தாலும் சமாளிக்கலாம். கேட்லாகுக்குக் கட்டற்ற மென்பொருளான கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்து, இன்று உலகெங்கும் ஓடுகிறது. பராமரிக்க ஆள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சில நூறு புத்தகங்கள்தான் என்றால் ஒரு எக்செல் கோப்பே தாராளம். எதுவானாலும், நம் தரவை மொத்தமாக வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கருவியை விட, தேடக் கற்றுக்கொடுப்பதுதான் ஊடக மையத்தின் நிஜமான வேலை. நூலகவியல் ஆய்வாளர் கேரல் குல்தாவ் 1980களில் மேல்நிலை மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது கூடவே இருந்து கவனித்தார். தலைப்பு கொடுத்ததும் குழப்பம், தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் சிறு நிம்மதி, அப்புறம் தேடத் தொடங்கியதும் முன்னைவிடப் பெரிய குழப்பம். ஒன்றுக்கொன்று பொருந்தாத தகவல்கள் வந்து விழும் அந்த நடுக்கட்டத்தில்தான் நம்பிக்கை சரிகிறது. இதைப் படித்த பிறகு என் வேலை முறையே மாறியது. நாம் வழக்கமாக எப்போது உதவுகிறோம்? முதல் நாள், 'புத்தகங்கள் இங்கே, இணையதளங்கள் இவை' என்று. அன்றைக்கு யாருக்கும் கேள்வியே இருக்காது. ஆகவே ஆசிரியரிடம் பேசி, தலைப்புக் கொடுத்த நான்காம், ஐந்தாம் நாளில் ஒரு வேளையைக் கேட்டு வாங்குகிறேன். அன்று பாடம் எதுவும் நடத்துவதில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய், 'எங்கே சிக்கியிருக்கிறாய்?' என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் தலைப்பு அகலமாக இருக்கும். 'கடல்' என்று வைத்திருப்பாள். பத்து நிமிடம் பேசினால், கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்பதில் வந்து நிற்பாள். அதற்கப்புறம் அவள் தேடும் வேகமே வேறு. இந்த ஒரு வேளைக்காகத்தான் அட்டவணை இளக வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தில் நம்பலாமா கூடாதா என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதிலும் ஒரு மாற்றம் தேவை. தளத்தின் அழகு, முகவரியின் முடிவு, 'எங்களைப் பற்றி' பக்கம் இவற்றைச் சரிபார்க்கும் நீண்ட பட்டியலைத்தான் பல காலம் கொடுத்துவந்தோம். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் மூவரையும் ஒரே தளங்களைப் பார்க்கச் சொன்னார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வெளியேறி, புதிய சன்னல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பிள்ளைகளுக்கு இரண்டு வேளையில் கற்றுக்கொடுத்துவிடலாம். இப்போது உரையாடல் இயலிகளிடம் (சாட்பாட்) கேட்டு, இல்லாத புத்தகங்களின் பட்டியலோடு வரும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், கேட்லாகில் என்னோடு சேர்ந்து தேடச் சொல்கிறேன். இரண்டு மூன்று தலைப்புகள் எங்குமே இல்லை என்று தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, அடுத்த முறை வருவதற்கு முன்பே சரிபார்த்துவிட்டு வருகிறது.

ஆண்டுக் கடைசியில் தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் அறிக்கையில் புத்தக எண்ணிக்கையை முதல் வரியில் போடாதீர்கள். எத்தனை வேளை திறந்திருந்தது, இடைவேளையில் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்த ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டார்கள், ஆண்டு முழுக்க ஒரு புத்தகம்கூட எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று போடுங்கள். கடைசி எண்தான் எனக்கு முக்கியம். பெயர்களை அறிக்கையில் எழுதக் கூடாது. ஆனால் நூலகரிடம் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும், அடுத்த ஜூன் வருவதற்குள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எதைப் பிடிக்கும் என்று பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். பள்ளி நூலகங்கள் பெரும்பாலும் ஒரே ஆளை நம்பி நடக்கின்றன. அவர் மாறுதலாகிப் போனால், அடுத்தவர் வரும்வரை பூட்டு. வந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில், எண்முறையில் நாம் செய்த மாற்றங்கள், தனியாக எடுத்து வைத்த நான்கு வகைகள், மென்பொருளின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, எந்த ஆசிரியர் எந்த மாதத்தில் எந்தத் தலைப்புக்கு வருவார், கழித்த பதிவேடு எந்த அலமாரியில், இடைவேளையில் உதவும் மாணவர்கள் யார் யார், அவர்களுக்கு என்னென்ன தெரியும் என்பதையெல்லாம் எழுதுங்கள். பிரதி ஒன்றைத் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். ஒவ்வொரு பருவமும் ஒரு முறை திருத்துங்கள். நூலகர் இல்லாத நாளில், அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் ஒரு ஆசிரியரும் மதிய இடைவேளையில் கதவைத் திறந்து, புத்தகம் கொடுத்து, வாங்கி அடுக்க முடிகிறதா என்று ஒரு நாள் சோதித்தும் பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ, நோட்டில் அந்த இடத்தை இன்னும் தெளிவாக எழுத வேண்டும்.